மலச்சிக்கல்: பேதி மாத்திரைக்கு முன் செய்ய வேண்டியவை, வரிசை மாறாமல்

அப்பாவுக்கு 71 வயதில் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை. நாங்கள் முதலில் செய்தது, அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் இசப்கோலை (தண்ணீரை உறிஞ்சிக் கூழாகும் நார்ச்சத்து உமி) கலக்கிக் கொடுத்தது. வயிறு இன்னும் உப்பியது. எட்டாம் நாள் துணியெல்லாம் தண்ணீராகக் கசிந்தது. வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்தும் மாத்திரையையும் கொடுத்தோம். மலக்குடலில் மலம் கல்லாக இறுகி அடைத்திருந்தது. அந்தக் கல்லின் ஓரமாக வழிந்ததுதான் நாங்கள் பார்த்த தண்ணீர். மருத்துவர் விரலை விட்டுச் சோதித்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த வலி மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மூன்றுமே மலத்தை இறுக்கக்கூடியவை என்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அதன் பிறகு அப்பாவுக்கும் எனக்கும், பிறகு சொந்தத்தில் பலருக்கும் இதை வரிசைப்படுத்திச் செய்து பார்த்திருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறார்கள். முதல் நாளே பேதி மாத்திரை, மறுநாள் ஒரு கிண்ணம் நிறையச் சுண்டல், மூன்றாம் நாள் ‘எனக்கு எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை’. இதில் எந்தப் பொருளைச் சாப்பிடுகிறோம் என்பதைவிட எதற்குப் பின் எது என்பதுதான் முக்கியம். மொத்தம் ஆறு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

1. வீட்டில் பார்க்கக்கூடியதுதானா என்று முதலில் பாருங்கள்

கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

மலத்தில் ரத்தம், அல்லது தார் போலக் கறுத்த மலம். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அதுதான் காரணம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். முயற்சி எதுவும் இல்லாமல் எடை குறைவது. ரத்தசோகை. 50 வயதைத் தாண்டியவருக்கு இதுவரை இல்லாத மலச்சிக்கல் புதிதாக வருவது. பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் இருந்திருப்பது.

வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நிலையில் விளக்கெண்ணெய் கொடுப்பது ஆபத்து.

அப்பாவுக்கு நடந்ததும் இந்தப் பட்டியலில் சேரும். ஆசனவாயில் ஏதோ அடைத்திருப்பது போன்ற உணர்வும், பல நாள் போகாமல் இருந்துவிட்டு திடீரென்று தண்ணீராகக் கசிவதும் சேர்ந்து வந்தால் நார்ச்சத்து கொடுக்காதீர்கள். வாசல் அடைத்திருக்கும்போது உள்ளே மேலும் மேலும் பொருளை அனுப்புவதற்குச் சமம் அது. அடைப்பை மருத்துவர் எடுத்த பிறகுதான் மற்ற எல்லாம். படுக்கையில் இருக்கும் முதியவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம்.

2. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதி வையுங்கள்

தினமும் போகாவிட்டால் மலச்சிக்கல் என்று பலர் நினைக்கிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை இயல்புதான். இரண்டு நாளுக்கு ஒரு முறை சிரமமில்லாமல், மெத்தென்று போகிறவருக்கு மலச்சிக்கல் இல்லை. அவர் பேதி மாத்திரை தேட ஆரம்பித்தால் இல்லாத நோயை வரவழைத்துக்கொள்வார். நேர்மாறாக, தினமும் போகிறவர்தான், ஆனால் அரை மணி நேரம் முக்கிப் புழுக்கை போல நாலு உருண்டை போகிறார் என்றால் அவருக்கு மலச்சிக்கல் உண்டு.

எண்ணிக்கையைவிட மலத்தின் பதம் பல விஷயங்களைச் சொல்லும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உருவாகி 1997-ல் வெளிவந்த ஓர் அட்டவணையை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதில் ஏழு வகை. முதலாவது ஆட்டுப் புழுக்கை போலத் தனித்தனிக் கெட்டி உருண்டைகள். இரண்டாவது உருண்டைகள் ஒட்டிய கட்டி. மூன்றாவது மேலே வெடிப்பு விட்ட நீளம். நான்காவது வாழைப்பழம் போல வழுவழுப்பு. அதற்கு மேல் போகப் போக இளகி, ஏழாவது வெறும் தண்ணீர். ஒன்றும் இரண்டும் மலச்சிக்கல். மூன்றும் நான்கும்தான் நாம் போய்ச் சேர வேண்டிய இடம்.

ஒரு சின்ன நோட்டில் தினமும் நான்கு விஷயம் எழுதுங்கள்: போன நேரம், பதத்தின் எண், முக்க வேண்டியிருந்ததா, இன்னும் பாக்கி இருப்பது போல இருந்ததா. இந்த வாரம் சாப்பாட்டையோ தண்ணீரையோ மாற்றாதீர்கள். இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் மூன்றாம் வாரத்தில் ‘ஒன்றும் பலன் இல்லை’ என்பார்கள். அப்படிச் சொன்ன என் சித்தியின் நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது பதம் ஒன்றிலிருந்து மூன்றுக்கு வந்திருந்தது. எழுதி வைத்திருக்காவிட்டால் அவர் எல்லாவற்றையும் அன்றோடு விட்டிருப்பார்.

3. மாத்திரைகளை மேஜையில் பரப்புங்கள்

அதே வாரத்தில் இதையும் முடித்துவிடுங்கள். வீட்டில் நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும், சத்து மாத்திரை, இருமல் மருந்து உட்பட, எடுத்து வையுங்கள்.

மலத்தை இறுக்கக்கூடியவை: இரும்புச்சத்து, கால்சியம், அலுமினியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்துகள், டிரமடால் போன்ற வலி நிவாரணிகள், கோடீன் சேர்ந்த இருமல் மருந்து, வெராபமில் போன்ற சில ரத்த அழுத்த மாத்திரைகள், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் வருவதைக் கட்டுப்படுத்தும் சில மருந்துகள். சிறுநீரை வெளியேற்றும் மாத்திரைகள் உடம்பில் தண்ணீரைக் குறைத்து அதே வேலையைச் செய்யும்.

எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பட்டியலை மருத்துவரிடம் காட்டி, ‘இதில் எதற்காவது மாற்று உண்டா, அளவைக் குறைக்கலாமா’ என்று கேளுங்கள். காரணம் மாத்திரையில் இருக்கும்போது எத்தனை கட்டு கீரை சாப்பிட்டாலும் பாதி வழிதான் போக முடியும். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் குடல் மந்தமாகும். நெடுநாள் சர்க்கரை நோயும் குடல் நரம்புகளைப் பாதிக்கும். களைப்பு, குளிர் தாங்காமை, முடி கொட்டுவது இவையும் கூடவே இருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டுவிடுங்கள்.

4. காலை நேரத்தை மீட்டுக்கொள்ளுங்கள்

இரண்டாம் வாரம் இதிலிருந்து தொடங்குகிறது. இதற்குப் பைசா செலவில்லை. ஆனால் இதைத்தான் எல்லோரும் தட்டிக்கழிக்கிறார்கள்.

பெருங்குடல் இரவில் ஓய்ந்திருக்கும். விழித்து எழும்போது ஒரு முறையும், வயிற்றுக்குள் உணவு விழும்போது இன்னொரு முறையும் அது பலமாகச் சுருங்கி, உள்ளே இருப்பதைக் கீழே தள்ளும். இந்த இரண்டும் சேர்ந்து வருவது காலை உணவுக்குப் பின்னால்தான். அந்த உந்துதல் வரும்போது போகாவிட்டால் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். மலமோ உள்ளேயே இருக்கும். தண்ணீரை உறிஞ்சுவதுதான் பெருங்குடலின் வேலை என்பதால், தங்கும் ஒவ்வொரு மணி நேரமும் மலத்தைக் காய வைக்கிறது. அடக்கி அடக்கிப் பழகிய மலக்குடல் நாளடைவில் உந்துதலையே சரியாகத் தெரிவிப்பதில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தினமும் ஒரே நேரத்தில் எழுங்கள். எழுந்ததும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர். எலுமிச்சை, தேன், சீரகம் எதைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் சரி. உபகாரம் செய்வது சூடான திரவமும் அந்த நேர ஒழுங்கும்தான். காபி சிலருக்கு உடனே குடலை அசைக்கும். காஃபின் நீக்கிய காபிக்கும் அந்தக் குணம் உண்டு. உங்களுக்கு அப்படி என்றால் விடாதீர்கள். அதன் பிறகு காலை உணவு. சாப்பிட்டு 15 முதல் 30 நிமிடத்துக்குள், உந்துதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், போய் உட்காருங்கள்.

ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. வரவில்லையா, எழுந்து வந்துவிடுங்கள். கைபேசி வெளியே இருக்கட்டும். நெடுநேரம் உட்கார்ந்தால் ஆசனவாயின் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி மூலத்துக்கு வழி செய்யும். முதல் நாலைந்து நாள் ஒன்றும் நடக்காமல் போகலாம். உடம்பு ஒரு நேரத்தைப் பழக இரண்டு வாரம்கூட ஆகும்.

நடைமுறையில் இடறும் இடம் வேறு. ஆறரை மணி பேருந்தைப் பிடிக்கிறவர்கள், பிள்ளைகளைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்பும் பெண்கள், ஒரே கழிவறையை ஐந்து பேர் பகிர்ந்துகொள்ளும் வீடுகள். காலை உணவுக்குப் பின் பத்து நிமிடம் கிடைப்பதே இவர்களுக்குப் பெரிய காரியம். எழும் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளுங்கள், இல்லையேல் இரவு உணவுக்குப் பின் அதே பத்து நிமிடத்தை வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை ஒட்டி, தினமும் அதே நேரம் என்பது மாறாமல் இருந்தால் போதும். வேலை செய்யும் இடத்தில் கழிவறை சரியில்லை என்று பகல் முழுவதும் தண்ணீரும் குடிக்காமல், வந்ததையும் அடக்கி வைக்கும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய மலச்சிக்கலுக்கு அந்தக் கழிவறைதான் முதல் காரணம். நிர்வாகத்திடம் கேட்டு வாங்க வேண்டிய உரிமை அது.

5. உட்காரும் விதத்தை மாற்றுங்கள்

மலக்குடலைச் சுற்றி ஒரு தசை கவண் கயிறு போல முன்பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கிறது. நிற்கும்போதும் நாற்காலியில் அமரும்போதும் அது பாதையை மடக்கி வைப்பதால்தான் மலம் தானாக வெளியேறுவதில்லை. குந்தி உட்காரும்போது அந்த மடிப்பு நிமிர்ந்து பாதை நேராகிறது. நம் ஊர்க் கழிப்பறையில் குந்தி உட்கார முழங்கால் இடம் கொடுத்தால் அதையே தொடருங்கள்.

மேற்கத்தியக் கழிப்பறை என்றால் காலடியில் 18 முதல் 23 சென்டிமீட்டர் உயரமுள்ள ஸ்டூல் ஒன்று வையுங்கள். முழங்கால் இடுப்பைவிட உயர வேண்டும். அதுதான் அளவுகோல். மனைப்பலகை இதற்குத் தாழ்ந்தது. வாளியைக் கவிழ்த்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன், ஈரத்தரையில் வழுக்கிவிடும், வேண்டாம். அடியில் ரப்பர் வைத்த பிளாஸ்டிக் ஸ்டூல் போதும். கால்கள் சற்று விரிந்து, உடம்பு முன்னால் சாய்ந்து, முழங்கைகள் தொடையில் ஊன்றியிருக்கட்டும்.

மூச்சை அடக்கி முக்காதீர்கள். முக்கும்போது பலர் தங்களை அறியாமல் ஆசனவாயையும் இறுக்கிவிடுகிறார்கள். வாயைச் சற்றுத் திறந்து மெதுவாக மூச்சை விட்டபடி, வயிறு முன்னால் புடைக்கும்படி லேசாகத் தள்ளிப் பாருங்கள். முதியவர்களுக்கு முக்குவதால் தலைசுற்றி மயக்கமும் வரலாம். அவர்களுக்குக் கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள். உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள். இடுப்பு அறுவை சிகிச்சை செய்தவர்கள் முழங்காலை உயர்த்தலாமா என்று மருத்துவரிடம் கேட்ட பிறகே ஸ்டூல் வைக்க வேண்டும். அப்பாவுக்கு நாங்கள் நான்கு மாதம் கழித்துத்தான் வைத்தோம்.

4, 5 இரண்டையும் மட்டும் ஒரு வாரம் செய்யுங்கள். சாப்பாட்டை இன்னும் தொட வேண்டாம். சிலருக்கு இத்தோடு முடிந்துவிடும்.

6. தண்ணீர், நார்ச்சத்துக்கு முன்பே

நார்ச்சத்து தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் மலத்தை மெத்தென்று ஆக்குகிறது. தண்ணீர் இல்லாமல் நார் மட்டும் போனால் காய்ந்த வைக்கோல் திணித்த மாதிரி. ஆகவே மூன்றாம் வாரம் நார் சேர்ப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே தண்ணீர்ப் பழக்கம் வந்துவிட வேண்டும்.

ஏற்கெனவே போதுமான அளவு குடிப்பவர் இன்னும் இரண்டு லிட்டர் கூட்டினால் மலம் இளகாது, சிறுநீர்தான் கூடும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிறதா என்று பாருங்கள். அடர் மஞ்சள் என்றால் பற்றாக்குறை. மோர், ரசம், கஞ்சி எல்லாம் கணக்கில் சேரும். முதியவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. இரவில் எழ வேண்டுமே என்றும் குடிக்காமல் இருப்பார்கள். அவர்களுக்குப் பகல் பொழுதிலேயே, மாலை ஆறு மணிக்குள் பெரும்பங்கைக் கொடுத்துவிடுங்கள்.

சிறுநீரகக் கோளாறோ இதயச் செயலிழப்போ உள்ளவர்களுக்கு மருத்துவர் தண்ணீர் அளவு சொல்லியிருப்பார். அதை மீறக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீர், வாழைப்பழம், கீரை போன்றவற்றையும் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும். அவற்றின் பொட்டாசியம் அவர்களுக்கு ஆபத்தாகலாம்.

7. நார்ச்சத்து, வாரத்துக்கு ஒரு படி

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து உணவிலிருந்து கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. நம் வழக்கமான ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் மூன்று இட்லியும் சட்னியும், மதியம் வெள்ளைச் சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், இரவு இரண்டு தோசை. நான் கூட்டிப் பார்த்தவரை 15 கிராமைத் தாண்டுவது கஷ்டம். ஒரு கப் வெள்ளைச் சோற்றில் இருப்பது ஒரு கிராமை ஒட்டித்தான். வயிறு நிறைகிறது, குடலுக்கு வேலை இல்லை.

இங்கேதான் அவசரப்படுகிறார்கள். 15-லிருந்து ஒரே நாளில் 35-க்குத் தாவினால் குடலில் உள்ள நுண்ணுயிரிகள் அதை நொதிக்க வைத்து வாயுவாக்கும். வயிறு உப்பி, இரைந்து, மறுநாளே எல்லாம் நின்றுபோகும். வாரத்துக்கு 5 கிராம் அளவில் கூட்டுங்கள்.

மூன்றாம் வாரம்: தினமும் ஒரு பழம். கொய்யா இருந்தால் முதலிடம் அதற்கே. 100 கிராமில் 5 கிராமுக்கு மேல் நார் கிடைக்கும், விலையும் குறைவு. தோலோடு கடித்துச் சாப்பிட வேண்டும். பல் இல்லாதவர்களுக்கு ஒரு பெரிய கிண்ணம் பப்பாளி. வாழைப்பழம் என்றால் நன்றாகப் பழுத்தது. ஜூஸ் வேண்டாம், வடிகட்டும்போது நார்தான் முதலில் போகிறது. வாழைத்தண்டைச் சாறு பிழிந்து வடிகட்டிக் குடித்துவிட்டு ‘தண்டு சாப்பிடுகிறேனே’ என்று வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்டைப் பொரியலாகவோ கூட்டாகவோ சாப்பிட்டால்தான் நார் வயிற்றுக்குப் போகும்.

நான்காம் வாரம்: சுண்டல். வேகவைத்த கொண்டைக்கடலை அரைக் கப்பில் 6 கிராமை ஒட்டி நார் உண்டு. பாசிப்பயறு, தட்டைப்பயறு என்றும் சொல்லும் காராமணி, எதுவும் சரி. எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள், வாயு குறையும். தாளிப்பில் பெருங்காயமும் இஞ்சியும் சேர்ப்பது நம் வழக்கம்தானே. முதல் மூன்று நாள் கால் கப் மட்டும். அதையும் மதியமோ மாலையோ சாப்பிடுங்கள், இரவில் வேண்டாம்.

ஐந்தாம் வாரம்: தட்டில் காயின் அளவு. புதிதாக எதுவும் சமைக்க வேண்டாம். சோற்றைக் குழம்புக்கரண்டியால் போட்டு, பொரியலை டீஸ்பூனால் வைக்கிறோம். அதை மாற்றினால் போதும். தட்டில் பாதி காயும் கீரையும். முருங்கைக்கீரை, அவரைக்காய், கொத்தவரங்காய், பீன்ஸ், வாழைப்பூ எல்லாம் நல்லவை. உருளையும் சேனையும் இந்தக் கணக்கில் வராது. அவை சோற்றின் பக்கம்.

ஆறாம் வாரம்: தானியம். ஒரு வேளை வெள்ளை அரிசிக்குப் பதில் கேழ்வரகு, கம்பு, தினை அல்லது கைக்குத்தல் அரிசி. கேழ்வரகு மாவு 50 கிராமில் 5 கிராமை ஒட்டி நார் கிடைக்கும். களியாகவோ அடையாகவோ செய்யுங்கள். ஊறவைத்து அரைத்துத் துணியில் பால் வடித்துக் காய்ச்சினால் அந்த நார் துணியிலேயே தங்கிவிடும். கடையில் விற்கும் சிறுதானிய பிஸ்கட் வாங்குவதானால் பொட்டலத்தின் பின்பக்கம் பாருங்கள். பட்டியலில் முதலாவதாக மைதா இருந்தால் பெயரில் மட்டும்தான் சிறுதானியம்.

ஏதாவது ஒரு வாரம் வயிறு தாங்கவில்லை என்றால் அதற்கு முந்தைய அளவுக்குத் திரும்பி, இன்னொரு வாரம் அங்கேயே இருங்கள். ஆறு வாரம் எட்டு வாரமானால் ஒன்றும் கெட்டுவிடாது.

8. நடை

தினமும் அரை மணி நேரம். நடை மட்டும் மலச்சிக்கலைத் தீர்த்து நான் பார்த்ததில்லை. ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவருக்கு மற்ற எல்லாம் மெதுவாகத்தான் வேலை செய்கிறது. படுக்கையில் இருப்பவரை நாளுக்கு மூன்று நான்கு முறையாவது எழுப்பி உட்கார வையுங்கள், மருத்துவர் அனுமதித்தால் அறைக்குள் நடத்துங்கள்.

9. இசப்கோல், இப்போதுதான்

உணவில் வர வேண்டியது வந்த பிறகும் பதம் இரண்டிலேயே நிற்கிறது, அல்லது பல்லும் பசியும் இல்லாததால் அவ்வளவு உணவு இறங்கவில்லை என்றால் இசப்கோல் உமி நல்ல துணை. வட இந்தியாவில், பெரும்பாலும் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளையும் ஒரு செடியின் விதைத்தோல் இது. குடலைத் தூண்டிவிடாது. தண்ணீரை உறிஞ்சிக் கூழாகி மலத்துக்குப் பருமனும் ஈரமும் தரும், அவ்வளவுதான். அதனால் இரவு குடித்துக் காலையில் பலனை எதிர்பார்க்காதீர்கள். ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும்.

ஒரு டீஸ்பூனில் தொடங்குங்கள். பெரிய டம்ளரில் 250 மில்லி தண்ணீர் எடுத்து, உமியைப் போட்டுக் கலக்கி, கெட்டியாகும் முன் குடித்துவிடுங்கள். பின்னாலேயே இன்னொரு டம்ளர் தண்ணீர். உலர்ந்த உமியை வாயில் போட்டுக்கொண்டு மேலே தண்ணீர் குடிப்பதை அறவே தவிர்க்க வேண்டும். தொண்டையிலேயே ஊதி அடைத்துவிடும். அதே காரணத்தால் விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு, பக்கவாதம் வந்தவர்களுக்கு, இது கூடாது. குடித்த உடனே படுக்கவும் கூடாது.

மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி தேவை. அந்தக் கூழ் மருந்தையும் சேர்த்துப் பிடித்து உடம்பில் ஏறவிடாமல் தாமதப்படுத்தும். அதிகாலையில் தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இசப்கோலைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்வது எளிது.

10. நிலாவரை, விளக்கெண்ணெய், பேதி மாத்திரை

மூலிகை என்பதால் தினமும் சாப்பிடலாம் என்ற எண்ணம் நிலாவரை விஷயத்தில் அதிகம். நம் திருநெல்வேலிச் சீமையில் விளைந்து, ஊர் பெயரோடேயே உலகச் சந்தைக்குப் போகும் சரக்கு இது. பல ‘மூலிகைச் சூரணங்களில்’ வேலை செய்யும் பொருளும் இதுதான். டப்பாவைத் திருப்பி நிலாவரை, நிலவாகை, சென்னா என்று இருக்கிறதா பாருங்கள். இது குடல் சுவரைத் தூண்டிச் சுருங்க வைத்து 6 முதல் 12 மணி நேரத்தில் பேதியாக்கும். அவசரத்துக்கு ஓரிரு நாள் சரி. மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். சிறுநீர் வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறக்கூடும்.

விளக்கெண்ணெயும் தூண்டும் வகைதான், வயிற்றைக் கடுமையாக முறுக்கும். கர்ப்பிணிகள் இதைக் குடிக்கவே கூடாது. கருப்பையையும் சுருங்க வைக்கக்கூடியது. மாதம் ஒரு முறை பேதிக்குக் குடித்து ‘வயிற்றைக் கழுவும்’ பழக்கத்துக்கும் மலச்சிக்கலைத் தீர்ப்பதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரேயடியாகக் காலியான குடலில் மறுபடி மலம் சேர இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் பயந்துபோய் அடுத்த மாத்திரையைப் போடுகிறார்கள். தினமும் மாத்திரை போடுகிற பலரும் அந்தச் சுழலில் இப்படித்தான் விழுந்திருக்கிறார்கள்.

ஏற்கெனவே வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்த வேண்டாம். மேலே சொன்னதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு இரண்டு நாள் விட்டு என்று இடைவெளியைக் கூட்டுங்கள். இடையில் தேவைப்பட்டால் தண்ணீரை ஈர்த்து மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் போன்றதை மருத்துவர் எழுதித் தருவார். என் சித்தி பத்து வருடப் பழக்கத்தை விட நான்கு மாதம் எடுத்துக்கொண்டார்.

11. ஊருக்குப் போகும்போது

ரயிலில் போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைப்பது, கல்யாண வீட்டில் மூன்று நாள் மைதாவும் இனிப்பும் சாப்பிடுவது, அறிமுகமில்லாத கழிவறையில் அடக்கிக்கொள்வது. ஆறு வாரத்தில் வந்த பலன் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. பையில் நாலு கொய்யாவும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வையுங்கள். போன இடத்திலும் காலை உணவுக்குப் பிறகான அந்தப் பத்து நிமிடத்தை விட வேண்டாம். இரண்டு நாள் தப்பிப்போனால் பேதி மாத்திரை வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்து பழைய ஒழுங்கைத் தொடர்ந்தால் மூன்றாம் நாள் சரியாகும்.

12. இதெல்லாம் செய்தும் வழிக்கு வரவில்லை என்றால்

நோட்டை எடுத்துக்கொண்டு குடல் இரைப்பை மருத்துவரிடம் போங்கள். மாத்திரைப் பட்டியலும் கையில் இருக்கட்டும். ‘ரொம்ப நாளாகப் பிரச்சினை’ என்று சொல்வதைவிட ஆறு வாரக் குறிப்பு அவருக்கு உதவும்.

முக்கியமாக ஒன்றைச் சொல்லுங்கள். பதம் மூன்று, நான்குக்கு வந்த பிறகும் முக்க வேண்டியிருக்கிறதா? விரலால் அழுத்தியோ எடுத்தோ வெளியேற்ற வேண்டியிருக்கிறதா? அப்படியானால் சிக்கல் மலத்தில் இல்லை. பெரும்பாலும், தள்ளும்போது தளர வேண்டிய இடுப்புத்தளத் தசைகள் இறுகிக்கொள்கின்றன. இதற்கு நார்ச்சத்தும் மருந்தும் பெரிதாக உதவாது. அந்தத் தசைகளைத் தளர்த்தக் கற்றுக்கொடுக்கும் பயோஃபீட்பேக் என்ற பயிற்சி உண்டு, நல்ல பலனும் தருகிறது. பிரசவத்துக்குப் பிறகு இப்படி ஆன பெண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வருடக்கணக்கில் யாரிடமும் சொல்வதில்லை. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அப்படியே மருத்துவரிடம் நீட்டுங்கள்.